ஏலத்துக்கு வந்த ரொட்டி

மலையடிவாரத்தில் ஒரு சின்ன கிறிஸ்தவ ஆசிரமம். அதில் வேதமுத்து என்று ஒரு சீடர். பெண்சாதி இறந்துபோன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்தவர். ஆசிரமத்தை நடத்திய கிருபைக்கு அவரைவிட வயது குறைவுதான். ஆனாலும் இவர் "அம்மா" என்பார், அந்த அம்மா இவரை "அண்ணாச்சி" என்பார்.

வந்தும் என்ன? மனுஷன் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே அறைக்குள் போய்விடுவார். யாராவது கூட வந்து உட்கார்ந்தால், பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிடுவார்.

ஒருநாள் வேதமுத்து அம்மா முன்னால் வந்து நின்றார்.

"நான் ஊருக்கே போயிடலாம்னு இருக்கேம்மா."

"அங்க யாரு இருக்காங்க, அண்ணாச்சி?"

"யாரும் இல்ல. இங்கயும் யாரும் இல்ல. என்னைத் தேட ஒரு ஆளு இல்லாத எடத்துல நான் எதுக்கு இருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அறுப்பின் பண்டிகை வருதே. ஒரு ரொட்டி சுட்டுக் கோயில்ல வைங்க. அப்புறம் போறதுன்னா போங்க."

"ரொட்டியா? நல்லா இருக்கே! எனக்குச் சுடுதண்ணி வெக்கவே தெரியாது."

"மாவு, உப்பு, ஈஸ்ட்டு, வெதுவெதுன்னு தண்ணி. கலக்கி மூடி வைங்க. பிசையக்கூட வேண்டாம். அதுவா பொங்கும்."

அந்த ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகைக்கு அவரவர் கொண்டுவந்து வைக்கும் காணிக்கையை, ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். பொருளைக் கொடுத்தவர், அதை ஏலத்தில் எடுத்தவர் வீட்டில் அன்று சாயங்காலம் சாப்பிட வேண்டும். கொடுத்தது யார் என்று ஏலம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் ஒரே பாயில் முறைத்துக்கொண்டு சாப்பிட்டதெல்லாம் நடந்திருக்கிறது.

முதல் தடவை வேதமுத்து கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டார். மாவு அசையவே இல்லை. மறுபடி கலக்கி மூடிவைத்தார். காலையில் மூடியைத் திறந்தால், அடேயப்பா, மாவு சட்டி விளிம்புவரை பொங்கி நின்றது. அவருக்கு வந்த சந்தோஷத்தில், "இங்க வந்து பாரேன்" என்று பழைய ஞாபகத்தில் திரும்பினார்.

அடுக்களையில் யாரும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதார் பாவம்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரிய சட்டியில் மணல் பரப்பி, உள்ளே மாவை வைத்து, மூடிமேல் கங்கு போட்டுச் சுட்டெடுத்தார். ஒரு பக்கம் கொஞ்சம் கருகல். மற்றபடி நல்ல ரொட்டி.

பண்டிகை அன்று கோயில் படியெல்லாம் வாழைத்தார், பூசணிக்காய், காலைக் கட்டிய கோழி. நடுவில் அந்த ரொட்டி. ஆராதனை முடிந்ததும் எல்லாம் வேப்பமரத்தடிக்கு வந்தது. ஏலம் விடுகிறவர், மணியடித்துக் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியார். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு ரெண்டு பேர் போட்டி போட்டதில் கூட்டம் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனது.

கோயில்குட்டியார் ரொட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"ரொட்டி. கைப்பக்குவம். யாரு கேக்கீங்க?"

வேதமுத்துவுக்குப் பயம் வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை என்றால்? இத்தனை பேர் முன்னால் அது அப்படியே கீழே இறங்கினால்? நினைக்கும்போதே அவர் வாய் திறந்துவிட்டது. ஒரு விலையைச் சொல்லிக் கத்தினார். ஆட்டுக்குட்டிக்குக்கூட அந்த ஊரில் அப்படி ஒரு விலை கேட்டதில்லை.

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அதற்குமேல் யார் ஏறி வருவார்கள்? மூன்று தரம் சொல்லி முடித்த கோயில்குட்டியார், ரொட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த பேர்ச் சீட்டைப் பார்த்தார்.

"எடுத்தவர் ஆசிரமத்து வேதமுத்து. கொடுத்தவர்..." கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தார். "கொடுத்தவரும் அவருதான்!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. வேதமுத்து ரொட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா அவர் அறைக்கு வந்தார். பெட்டி கட்டி வாசலருகே இருந்தது. ரொட்டி வெட்டாமல் தட்டில் இருந்தது. ஊருக்குள் வீட்டுக்கு வீடு பேச்சும் பாத்திரச் சத்தமும்.

"சாப்பிடலையா, அண்ணாச்சி?"

"தொண்டையில எறங்கல."

அம்மா தரையில் உட்கார்ந்தார்.

"எலுமிச்சம்பழத்துக்குக்கூட ஆளு இருக்கு," என்றார் வேதமுத்து. "என் ரொட்டியக் கேக்க அத்தனை பேர்ல ஒருத்தர் இல்ல. இதத்தாம்மா நான் அன்னைக்கே சொன்னேன்."

"என் பக்கத்துல நம்ம பால்கார ஞானம்மா நின்னா."

"நின்னா என்ன?"

"ரொட்டியத் தூக்கிக் காட்டுனதுமே சேலை முந்தியில இருந்த காசு முடிச்சை அவுக்க ஆரம்பிச்சா, அண்ணாச்சி. பாதி அவுக்குறதுக்குள்ள நீங்க சத்தம் போட்டுட்டீங்க. மறுபடி முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டா."