தகுதியில்லாத தீர்ப்பு

மருதங்குளத்து வீரசின்னு ராஜாவின் சிம்மாசனம் ஒரு நாள் கிடுகிடுவென்று ஆடியது. ஆட்டியது எதிரி என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! தோளில் தூக்கி அவரை அதில் உட்கார வைத்த சொந்த ஆட்களேதான்.

ஏழூர் அம்பலக்காரர்கள் என்று அவர்களுக்குப் பேர்; ஊருக்கு ஒரு தலைவர். பழைய வழக்கம் என்றால் உயிரையே விடுவார்கள். நீதிபீடம் எப்போது காலியாகும், நம் வழக்கத்தைக் காப்பாற்றும் ஆள் எப்போது அதில் உட்காருவார் என்று பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தார்கள். பீடமும் காலியாயிற்று. ராஜா என்ன செய்தார் தெரியுமா? தமக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் திருவேங்கடம்பிள்ளையை நியமித்துவிட்டார்!

அம்பலக்காரர்கள் திமுதிமுவென்று சபைக்குள் நுழைந்தார்கள். மூத்தவர் சோலைமலை அம்பலம் முன்னால் வந்து நின்றார்.

“ராசா, இந்த ஆளு இதுவரைக்கும் ஒரு வழக்காச்சும் தீர்த்திருக்காரா? இவரு மனசுல என்ன இருக்குன்னு எவனுக்காவது தெரியுமா?”

“எனக்குத் தெரியுமே. நல்லவர்.”

“உங்களுக்கு நல்லவரு! நாளைக்குள்ள இவரு பீடத்தை விட்டு இறங்கணும். இல்லேன்னா உங்க சித்தப்பா மகன் வந்து சிம்மாசனத்துல ஏறுவாரு. ஆமா, சொல்லிப்புட்டோம்!”

அவர்கள் போனதும் ராஜா அரண்மனை விகடகவி முத்திருளனைக் கூப்பிட்டார்.

“முத்திருளா, மாட்டிக்கொண்டேனடா! கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற்றால் ஊர் சிரிக்கும். பெறாவிட்டால் சிம்மாசனம் போகும்.”

“நீங்கள் ஏன் திரும்பப் பெற வேண்டும், மகாராஜா? அவர் வாயாலேயே இறங்கினால் சரிதானே? நாளைக்குப் பீடத்தில் உட்காரச் சொல்லுங்கள். முதல் வழக்கை நான் கொண்டு வருகிறேன்.”

மறுநாள் சபையில் எள் போட்டால் எள் விழாது. பிள்ளை பீடத்தில் உட்கார்ந்தார். முத்திருளன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“ஐயா, பீடத்தில் ஏறியவர் முதல் வழக்கைத் தள்ளக்கூடாது. சொன்ன தீர்ப்பை ராஜாவும் மாற்றக்கூடாது. வழக்கம் அதுதானே, அம்பலக்காரரே?”

“அதேதான்! எங்க பாட்டன் காலத்து வழக்கம்!”

“அப்படியானால் என் வழக்கு இது. திருவேங்கடம்பிள்ளைக்கு நியாயாதிபதியாகத் தகுதி கிடையாது. விசாரித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்!”

சபை கொல்லென்று சிரித்தது. பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

“பிள்ளை இதுவரை ஒரு வழக்காவது தீர்த்திருக்கிறாரா? இல்லை. ராஜாவுக்கு வேண்டியவர் என்பதைத் தவிர இவரை நியமிக்க வேறு காரணம் உண்டா? அதுவும் இல்லை. ஆகவே இவருக்குத் தகுதி கிடையாது. ராஜா செய்தது தப்பு. பிள்ளை உடனே வீட்டுக்குப் போக வேண்டியது!”

சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார். அப்பாடா, தப்பித்தோம் என்று ராஜா மூச்சு விட்டார்.

“அடேயப்பா!” என்று கத்தினார் சோலைமலை அம்பலம். “ராசாவையே தப்புன்னு சொல்லிப்புட்டாரு! தனக்கே எதிராத் தீர்ப்புச் சொல்லிப்புட்டாரு! என் மாடு அடுத்தவன் வயல்ல மேஞ்ச வழக்குலயே நான் என் மாட்டுப் பக்கம்தான்யா பேசினேன்! இவருல்ல நியாயாதிபதி! விடாதீங்கய்யா, புடிங்க அவரை!”

ஏழு அம்பலக்காரர்களும் ஓடிப்போய் வாசலில் பிள்ளையை வழிமறித்தார்கள். பிள்ளை அசையவில்லை.

“தீர்ப்பை மாற்றக்கூடாது. உங்கள் பாட்டன் காலத்து வழக்கம்” என்றார்.

அம்பலக்காரர்களுக்கு வழக்கத்தை மீறவும் மனசு வரவில்லை, ஆளை விடவும் மனசு வரவில்லை.

“முத்திருளா, நீ இழுத்துவிட்ட வம்புதானே? நீயே ஒரு வழி சொல்லப்பா!” என்று பின்னாலேயே வந்த முத்திருளனைப் பிடித்துக்கொண்டார் சோலைமலை அம்பலம்.

“தீர்ப்புச் சொன்னவருக்குத் தகுதி கிடையாது என்று இப்போதுதானே முடிவாயிற்று?”

“ஆமா.”

“தகுதியில்லாதவர் சொன்ன தீர்ப்பு எப்படிங்க செல்லும்?”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி முத்திருளனுக்குப் போட்டார். “மகாராஜா வாழ்க!” என்று அம்பலக்காரர்கள் பிள்ளையை அலாக்காகத் தூக்கி வந்து பீடத்தில் உட்கார வைத்தார்கள்.

உட்கார வைத்த பிறகுதான் சோலைமலை அம்பலத்துக்குத் தலை சுற்றியது.

“ஏம்ப்பா, அப்ப இவருக்குத் தகுதி இருக்கா, இல்லையா?”

“அவர்தானே நியாயாதிபதி? அவரையே கேட்டுவிடலாமா?” என்றான் முத்திருளன்.

அம்பலம் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். “அடப்பாவி, சும்மா இருய்யா! மறுபடியும் இல்லைன்னுடப் போறாரு!”