மோர்க் கம்பெனியின் ஒரே ஆபத்து

சென்னையில் ராஜமன்னார் என்றொரு முதலீட்டாளர் இருந்தார். முதலீடு கேட்பவர்களைப் பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு மூன்று மணிக்கு வருவார். காத்திருப்பு அறையில் ஏசி கிடையாது, தண்ணீரும் கிடையாது. எழுந்து போனால் முறை போய்விடும். தாகம் தாங்காதவன் தொழில் நடத்த லாயக்கில்லை என்பது அவர் கொள்கை.

கோவில்பட்டியிலிருந்து வந்த செண்பகவல்லி, பாக்கெட் மோர்க் கம்பெனி வைத்திருந்தாள். அன்று முதலீடு கிடைக்காவிட்டால் மறுநாள் மூட வேண்டியதுதான். அவள் முறை வந்தது. லேப்டாப்பைத் திறந்தாள்.

ராஜமன்னார் கையை உயர்த்தினார். "படமெல்லாம் காட்டாதேம்மா. போட்டியே இல்லாத சந்தை வேணும். வாங்குறவன் தப்பி ஓடவும் முடியக்கூடாது. இருந்தா சொல்லு, இல்லேன்னா கிளம்பு."

"இருக்கு சார். கதவுக்கு வெளியில."

ராஜமன்னார் கதவைத் திறந்தார். ரோபோ செய்பவர், ராக்கெட் செய்பவர், எல்லார் கையிலும் மோர் பாக்கெட். அவருடைய செயலாளரும் ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"காலையில பெட்டியோட வந்தேன் சார். ஒண்ணுகூட மிச்சமில்லை. நீங்க லேட்டாக ஆக, விற்பனை ஏறுது."

ராஜமன்னாருக்கு அவமானத்தைவிட லாபம் பெரிதாகத் தெரிந்தது. செக் புத்தகத்தை எடுத்தவர், சற்று யோசித்தார். "நான் நேரத்துக்கு வர ஆரம்பிச்சுட்டா?"

"இந்தத் தொழில்ல அது ஒண்ணுதான் சார் ஆபத்து. வெளியில எல்லார்கிட்டயும் விசாரிச்சுட்டேன். வாய்ப்பே இல்லைங்கறாங்க."

செக்கில் கையெழுத்து விழுந்தது.

மறுநாள் ராஜமன்னார் நான்கு மணிக்கு வந்தார்.