குருவையா காப்பாற்றிய நம்பர்

முடுக்கங்காட்டில் இன்டர்நெட் இருக்கிறது. இல்லை என்று யாராவது சொன்னால் எங்களுக்குப் பொல்லாத கோபம் வரும். தண்ணீர்த் தொட்டியின் உச்சியில், வடகிழக்கு மூலையில், ஒரே ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கிற அளவுக்கு இருக்கிறது. டவுன் பிள்ளைகள் கட்டிலில் படுத்துக்கொண்டே நாலு நிமிஷத்தில் முடிக்கிற வேலைக்கு எங்களுக்கு ஒரு ஏணி, ஒரு முழுப் பகல், மூன்று பெரிய மனிதர்கள் வேண்டும்.

அன்றைக்கு அந்த மூவரில் முதல் ஆள் குருவையா. அவருடைய மகள் மாரிச்செல்வி நர்சிங் படிக்க விண்ணப்பம் போட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணியோடு கெடு முடிகிறது. ஒரு ஊசி போட வேண்டுமென்றாலும் பதினெட்டு கிலோமீட்டர் போகிற ஊர் இது. மகள் நர்சாக வந்து நிற்பாள் என்று குருவையா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற இருவர் அவருடைய மச்சினன் தர்மரும் பக்கத்து வீட்டு வேலாண்டியும். யோசனை சொல்வதற்காகத் தாங்களாகவே வந்தவர்கள்.

"வெள்ளைப் பின்னணியில போட்டோ கேக்குறாங்கப்பா," என்றாள் மாரிச்செல்வி காலையில்.

மூவரும் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். எந்தச் சுவர் என்று விண்ணப்பத்தில் போடாததால் நாலு சுவருக்கும் அடித்தார்கள். மத்தியானம் ஆகிவிட்டது. தர்மர் இடுப்பில் கட்டியிருந்த வேட்டியும் வெள்ளைதான் என்பது சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

நாலு மணிக்கு மாரிச்செல்வி இரவல் டச் போனோடு தொட்டி மேல் ஏறினாள். விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது குருவையாவின் பட்டன் போன் நம்பர். அந்தப் போனுக்குத் தரையிலேயே சிக்னல் கிடைக்கும். கயிற்றுக் கட்டில் மேல் ஏறி நின்றாலே தலை சுற்றுகிற ஆள் என்பதால் அவர் கீழேயே நின்றார்.

"அப்பா! உங்க போனுக்கு ஓடிபி வரும். ஆறு நம்பர். வந்ததும் சொல்லுங்க!"

வந்தது. குருவையா எழுத்துக் கூட்டி ஒரு வரி விடாமல் படித்தார். போனை மார்போடு மறைத்துக்கொண்டார்.

"சொல்ல முடியாது தாயி."

"ஏன்ப்பா?"

"'இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்'னு போட்டிருக்கு."

"நான் உங்க மகப்பா!"

"பெத்த மக தவிரன்னு போடலியே."

தர்மர் தலையாட்டினார். "படிச்சவங்க சும்மா போடுவாங்களா மச்சான்?"

"காதோட காதா சொன்னா என்ன?" என்றார் வேலாண்டி.

"சத்தமாச் சொல்லக் கூடாதுன்னா போட்டிருக்கு? சொல்லவே கூடாதாம்!"

இந்த விவாதம் முடிவதற்குள் பத்து நிமிஷம் ஓடி, நம்பர் செல்லாமல் போய்விட்டது. இருவரும் குருவையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லையே!

இரண்டாவது நம்பர் வந்தது. அதிலும் அதே வரி.

"அப்பா, மணி நாலு அம்பதாச்சு! இது போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு!" மேலே மாரிச்செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள்.

குருவையாவுக்கு மகள் அழுவதைப் பார்க்கவும் முடியவில்லை, மெசேஜில் போட்டிருந்ததை மீறவும் முடியவில்லை. எங்கே நம்பர் தவறி வெளியே வந்துவிடுமோ என்று தோள் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

மாரிச்செல்வி மூக்கை உறிஞ்சினாள். அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தானே, எங்களோடு எப்படிப் பேச வேண்டும் என்று தெரியும்.

"அப்பா, நீங்க யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். நீங்களே ஏறி வந்து அழுத்துங்க!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

குருவையா கண்ணை இறுக மூடிக்கொண்டு, குலசாமியைக் கூப்பிட்டபடியே ஏணி முழுவதும் ஏறினார். மூலையில் ஒருத்தருக்குத்தான் இடம். மகள் தள்ளி நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழே நின்ற தர்மரும் வேலாண்டியும்கூட மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஐந்து மணிக்கு நாலு நிமிஷம் இருக்கையில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

இருபது நாள் கழித்து, ஓடிபி அனுப்பிய அதே இடத்திலிருந்து குருவையாவின் போனுக்கு இன்னொரு மெசேஜ் வந்தது. படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை மடியில் செருகினார்.

"மெசேஜ் வந்துச்சாப்பா?"

"வந்துச்சு."

"எடம் கெடச்சிருச்சா?"

"அதை மட்டும் கேக்காத தாயி."

மாரிச்செல்வி இரண்டு நாள் சாப்பிடவில்லை. பாவம், குருவையாவும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் ஒரு புதுப் பெட்டி, ஒரு வாளி, ஒரு தலையணை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"கெளம்பு."

"எங்கப்பா?"

"பஸ்ஸுக்கு."

மாரிச்செல்வி பெட்டியைப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தர்மரும் வேலாண்டியும் எங்கே போகிறோம் என்று தெரியாமலே ஆளுக்கொரு சாமானைத் தூக்கிக்கொண்டார்கள்.

மூன்று பஸ் மாறி, ஒரு பெரிய காலேஜ் வாசலில் போய் இறங்கினார்கள். வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"யாருய்யா நீங்க? என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

குருவையா மகளைப் பார்த்தார். வாட்ச்மேனைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். விஷயம் என்னவென்றே தெரியாத தர்மரும் வேலாண்டியும், எதற்கும் இருக்கட்டும் என்று, தங்கள் துண்டுகளையும் எடுத்து அடைத்துக்கொண்டார்கள்.