பாறைக்குப் பின்னால் கிடந்த கிழங்கு

ஒரு காட்டில் அந்த வருடம் மழையே இல்லை. புல்லெல்லாம் கருகிப்போயிற்று. ஒரு காட்டுப்பன்றிக்கு மட்டும் கவலை இல்லை. ஈரம் இருந்தபோதே ஓயாமல் தோண்டி, குகை நிறைய வள்ளிக்கிழங்கு சேர்த்து வைத்திருந்தது. யாராவது பலாக்கொட்டை கொண்டுவந்தால் ஒரு கிழங்கு கொடுக்கும். வெறுங்கையோடு வந்தால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும்.

ஒருநாள் ஒரு முயல் நொண்டிக்கொண்டே வந்தது. காட்டுத்தீயில் அதன் முன்னங்கால் வெந்திருந்தது.

“அண்ணா, தோண்ட முடியவில்லை. மூன்று குட்டிகளும் பட்டினி. ஒரே ஒரு கிழங்கு...”

“இதோ பார் தங்கச்சி, நான் என்ன திருடியா வைத்திருக்கிறேன்? மூக்கு தேயத் தோண்டினேன். சும்மா கொடுத்துப் பழக்கினால் நாளைக்குக் காடே என் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.”

“நீங்கள் சொல்வதும் சரிதான் அண்ணா,” என்று சொல்லிவிட்டு முயல் போய்விட்டது.

அன்று சாயங்காலம் குகைக்குள் ஒரே நாற்றம். அடியில் கிடந்த கிழங்குகள் அழுகிவிட்டன. பன்றி அவற்றை மூக்கால் தள்ளிக்கொண்டுபோய் வெளியே ஒரு பாறைக்குப் பின்னால் கொட்டியது. அதற்கப்புறம் அழுகியதெல்லாம் அங்கேதான் போயிற்று. மறுநாள் பார்த்தால் அந்த இடம் காலியாக இருக்கும். யார் எடுக்கிறார்கள் என்று பன்றி யோசிக்கவே இல்லை.

பத்து நாள் ஆயிற்று. குட்டையில் எல்லா மிருகங்களும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. முயல் பன்றியின் முன்னால் வந்து தலை தாழ்த்தி நின்றது.

“அண்ணா, அன்றைக்கு உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன். நாலு பேர் முன்னால் கொடுத்தால் நான் கூசிப்போவேன் என்றுதானே பாறைக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கிறீர்கள்? உங்களால்தான் என் குட்டிகள் உயிரோடு இருக்கின்றன.”

மரத்திலிருந்த குரங்கு கீழே குதித்தது. “அடேயப்பா! நம்ம பன்றியாரா? எனக்கு ஒரு தோலைக்கூடக் கண்ணில் காட்டியதில்லையே!”

மான்கள் பன்றியை மரியாதையாகப் பார்த்தன. பன்றிக்கு உண்மை வாய்வரை வந்தது. ஆனால் புகழ்ச்சி இனித்தது, பாருங்கள்!

“ஏதோ, நம்மால் ஆனது,” என்றது.

“இன்னொன்று கேட்க வேண்டும் அண்ணா. சின்னவனுக்கு இரண்டு நாளாக வயிறு உப்பிக் கிடக்கிறது. கண்ணே திறக்கவில்லை. நீங்களும் அதே கிழங்கைத்தானே சாப்பிடுகிறீர்கள்? வயிறு வலித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?”

எல்லா மிருகங்களும் பன்றியின் முகத்தைப் பார்த்தன.

“எனக்கு... வலிப்பதில்லை,” என்றது பன்றி.

“உங்களுக்கு நல்ல உடம்பு அண்ணா,” என்று முயல் சந்தோஷப்பட்டது.

பன்றி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. குகைக்கு ஓடியது. நல்ல கிழங்காக நாலு பொறுக்கி வாயில் கவ்விக்கொண்டு, முயலின் புதரைத் தேடிப் போயிற்று. சின்னக்குட்டி சருகின்மேல் துவண்டு கிடந்தது. தாய்முயல் கிழங்கை மென்று கூழாக்கி ஊட்டியது. குட்டி இரண்டு வாய் விழுங்கிற்று.

தாய்முயலுக்குக் கை கால் ஓடவில்லை. “முதல்முதலாக வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு வாய் சாப்பிடாமல் போகக் கூடாது.” அவசரமாக ஒரு தேக்கிலையை விரித்தது. கறுத்த பாகத்தையெல்லாம் கடித்து எடுத்துவிட்டு, ஒரு துண்டுக் கிழங்கை வைத்தது. “நீங்கள் கொண்டுவந்ததையே உங்களுக்கு வைக்கலாமா? என் வீட்டில் இருப்பதில் நல்லது இதுதான் அண்ணா.”

நாற்றம் மூக்கில் ஏறியது. பன்றி தலை குனிந்தது.

“தங்கச்சி, இதை நான் உனக்காக வைக்கவில்லை. நாறுகிறதே என்று கொட்டினேன்.”

முயலின் காதுகள் மெல்லச் சரிந்தன. “ஐயோ, குப்பையையா உங்கள் முன்னால் வைத்துவிட்டேன்?” என்று கூனிக்குறுகி இலையை இழுத்தது.

பன்றி இலைமேல் காலை வைத்தது. “எடுக்காதே.”

அந்தத் துண்டு முழுவதையும் தின்றது. குமட்டியபோதும் நிறுத்தவில்லை. நிமிர்ந்து முயலின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

அப்போது சின்னக்குட்டி கண் திறந்தது. “அம்மா, இது யார்?”

முயல், பன்றி கொண்டுவந்த கிழங்கை இன்னொரு வாய் மென்று குட்டிக்கு ஊட்டியது.

நீதி: உழைத்துச் சேர்த்தது நம்முடையதுதான்; பக்கத்தில் பசித்திருப்பவரும் நம் பொறுப்புதான். எறிந்ததைப் பொறுக்க விட்டுவிட்டு, கொடுத்தவர் என்று பேர் வாங்கக் கூடாது.