மண்டபத்துக்கு வெள்ளையடித்த மகுடவர்மர்

வெண்கரைப் பட்டணத்தில் ஓர் ஊர் மண்டபம் இருந்தது. கருங்கல் தூண்கள், நாலு பக்கமும் திறப்பு. ராஜாவின் தாத்தா அதிதீரவர்மர் கட்டியது. ஊரார் கூடி வழக்குப் பேசுவதும், வரி ஏறினால் ராஜாவைத் திட்டுவதும் அங்கேதான். திட்டுவதற்கு நல்ல காற்றோட்டமான இடம்.

முகப்பில் தாத்தாவின் கல்வெட்டு. "அதிதீரவர்மர் கட்டிய இம்மண்டபம் ஊராருடையது. சந்திர சூரியர் உள்ளவரை இதற்குக் கதவு வைக்க எவருக்கும் உரிமையில்லை." பெரியவர் தம் வம்சத்தை நன்றாக அறிந்தவர்.

பேரன் மகுடவர்மர் மண்டபத்துக்குச் செய்த ஒரே காரியம், தூண்களுக்கு வெள்ளையடித்தது. அடித்து முடித்ததும், தாமே கட்டியது போல ஒரு நினைப்பு வந்துவிட்டது. அரண்மனையில் எல்லோரும் ஆமாம் என்றார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

சபைப் புலவர் குழைக்காதரை ராஜா அழைத்தார்.

"தாத்தாவின் கல்வெட்டைச் செதுக்கி எறியும். அங்கே, 'மகுடவர்மர் கட்டிய மண்டபம், சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்கும்' என்று என் பெயர் வரவேண்டும். பிறகு கதவு போட்டுப் பூட்டப்போகிறேன்."

"ஊரார் எங்கே கூடுவார்கள், மகாராஜா?"

"அவரவர் வீட்டில் கூடட்டும். பௌர்ணமிக்குள் கல்வெட்டு தயாராகவில்லை என்றால், நீர் இந்த நாட்டில் இருக்க வேண்டாம்."

பௌர்ணமியும் வந்தது. ஊரே திரண்டு நின்றது. இனி இங்கே நிற்க முடியாது என்ற வருத்தம் எல்லோர் முகத்திலும் தெரிந்தது. ராஜா பட்டுத்திரையை விலக்கினார். வெள்ளைவெளேர் என்ற கல்லில் சிவப்பாக அவர் பெயர். ஆசையாகத் தடவிப் பார்த்தார். விரல் சிவந்தது.

"என்னய்யா, ஒட்டுகிறது? செதுக்கவில்லையா?"

"இல்லை, மகாராஜா. மண்டபத்துக்குத் தாங்கள் செய்த திருப்பணியைத்தான் கல்வெட்டுக்கு நான் செய்தேன். வெள்ளையடித்தேன். மேலே காவியால் எழுதினேன்."

"மழை வந்தால் போய்விடுமே?"

"போகட்டும் என்றுதான். தங்கள் தாத்தா ஆழமாகத்தான் செதுக்கினார். சந்திரனும் சூரியனும் அப்படியே இருக்கிறார்கள். அவர் பெயரைத்தான் பேரன் எறியச் சொல்லிவிட்டார். நாளைக்குத் தங்களுக்கும் ஒரு பேரன் பிறப்பான். அப்படியே தங்களை உரித்து வைத்திருப்பான். அந்தப் பிள்ளை உளியோடு மல்லுக்கட்ட வேண்டாமே. இந்த ஈரத்துணி போதும்."

நீட்டிய துணியை ராஜா வெடுக்கென்று பிடுங்கினார். போகிறதா பார்ப்போம் என்று தேய்த்தார். நன்றாகவே போனது. மகுடவர்மர் கரைய, அடியிலிருந்து அதிதீரவர்மர் எட்டிப் பார்த்தார். "கதவு வைக்க எவருக்கும் உரிமையில்லை" என்று முன்வரிசையில் நின்ற மீன்காரி உரக்கப் படித்தாள். கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது.

ராஜா கல்லைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். சிரிப்பதுதான் கௌரவம் என்று புரிந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சரி, கதவு வேண்டாம். மண்டபம் ஊராரிடமே இருக்கட்டும்." தம் முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டார். பிறகு ரகசியமாகக் கேட்டார். "ஆனாலும் குழைக்காதரே, என் பெயர் எங்கேயாவது இருக்க வேண்டாமா?"

"இருக்கிறதே, மகாராஜா. கையில் உள்ள துணியைப் பிழியாமல் வைத்திருங்கள்."