கரடியாரின் கல் குவியல்

ஒரு காட்டில் முதுகு வைத்தியர் ஒருவர் இருந்தார். வேறு யார், கரடிதான். பெயர் கம்பளியார். யாருக்கு இடுப்புப் பிடித்தாலும், கழுத்துச் சுளுக்கினாலும் நேரே அவர் குகைக்குத்தான் போவார்கள்.

கம்பளியார் வந்தவரைக் குப்புறப் படுக்கச் சொல்வார். இரண்டு உள்ளங்கைகளையும் முதுகில் வைத்து ஓர் அமுக்கு அமுக்குவார். படக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான் வைத்தியம். எங்கே வலி, எப்படி வந்தது என்றெல்லாம் கேட்டு அவர் நேரத்தை வீணாக்கியதே இல்லை.

குணமானவர்கள் திரும்பி வந்து குகை வாசலில் ஒரு கூழாங்கல் வைத்துவிட்டுப் போவது அந்தக் காட்டு வழக்கம். குவியல் கரடியாரின் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. காலையில் எழுந்ததும் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவார். இத்தனை கல்லும் பொய் சொல்லுமா என்று தனக்குத்தானே கேட்டுச் சிரித்துக்கொள்வார். நல்ல மனசு அவருக்கு. பெருமைதான் கொஞ்சம் கூடுதல்.

அவருடைய உயிர்த்தோழர் மலையாண்டி என்கிற காட்டெருமை. ஒருநாள் பாறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு வலியோடு நொண்டிக்கொண்டு வந்தார். சிநேகிதன் ஆயிற்றே என்று கரடியார் வழக்கத்தைவிட ஓங்கி அமுக்கினார். ஒன்றுக்கு இரண்டு சத்தம் கேட்டது. எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். சொர்க்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மலையாண்டி மெல்ல நடந்து போனார்.

போனவர் கல் வைக்க வரவில்லை. கரடியார் மூன்று நாள் பார்த்தார், ஐந்து நாள் பார்த்தார். பத்தாம் நாள் கரடியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அணிலும் ஓணானும்கூட மறக்காமல் வைத்த கல்லை ஆருயிர் நண்பன் வைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மலையாண்டி வசிக்கும் மூங்கில் சரிவுக்குக் கிளம்பினார்.

அங்கே மலையாண்டி படுத்துக் கிடந்தார். எழுந்திருக்க முடியாமல் கிடந்தார், குழந்தைகளே. வாய்க்கு எட்டிய புல்லையெல்லாம் மேய்ந்து தீர்த்து, அவரைச் சுற்றித் தரை மொட்டையாக இருந்தது. கோடை தொடங்கிவிட்டது. அவர் வாய்க்கு எட்டிய பக்கத்துக் குட்டையும் வற்றிவிட்டால் எருமைக் கூட்டம் ஆற்றுக்கு இறங்கிவிடும். காட்டெருமையைத் தூக்கிக்கொண்டு போக யாரால் முடியும்? நடக்க முடியாவிட்டால் தாகத்தில் சாக வேண்டியதுதான்.

கரடியாரின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"எப்போதிலிருந்து இப்படி?"

"நீங்க அமுக்கின அன்னிக்குச் சாயங்காலத்திலிருந்து. வலி கால் வரைக்கும் இறங்கிடுச்சு."

"அப்புறம் ஏன்டா சொர்க்கம்னு சொன்னே?"

மலையாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவ்வளவு ஆசையா அமுக்கினீங்க. வலிக்குதுன்னு எப்படி அண்ணே சொல்றது?"

பழக்க தோஷத்தில் கரடியாரின் கைகள் நண்பனின் முதுகுக்குப் போயின. பாதியிலேயே இழுத்துக்கொண்டார். முதல் முறையாக, எங்கே வலிக்கிறது, எப்படி விழுந்தாய், எப்படிப் படுத்தால் சுகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தலையைத் தொங்கப்போட்டபடி திரும்பினார்.

வழியில் கல் வைக்காத மற்றவர்களையும் தேடிப் போனார். குரங்கு இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தது. காட்டுப்பன்றிக்கு வலி அப்படியே இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், உங்கள் மனசு நோகுமே என்று இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின.

கடைசியாக எதிரே முள்ளம்பன்றி துள்ளிக்கொண்டு வந்தது. கரடியாருக்குச் சட்டென்று ஒன்று நினைவு வந்தது. முள்ளுக்குப் பயந்து அதன் முதுகை அவர் தொட்டதே இல்லை. ஆனாலும் அதன் கல் குவியலில் இருக்கிறது.

"உன்னை நான் அமுக்கவே இல்லையே, ஏன் கல் வைத்தாய்?"

"முதுகு சரியாயிடுச்சு, வச்சேன். தினம் வலி தாங்குற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா நடன்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க?"

கரடியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அமுக்கியதால் இல்லாமல் தானாகவே ஆறிய முதுகுகள் அந்தக் குவியலில் இன்னும் எத்தனையோ! கொஞ்சம் அழுதார்கூட. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் விடிந்ததும் மலையாண்டியின் விலாவுக்குத் தன் தோளை முட்டுக் கொடுத்தார். அன்றைக்கு ஐந்து அடிதான் நடக்க முடிந்தது. வலிக்கிறது என்று நண்பர் சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டார். மறுநாள் ஏழு அடி. அதற்கு மறுநாள் பழையபடி ஐந்து. தினமும் இளம் மூங்கில் குருத்தை ஒடித்துக்கொண்டு போய் ஊட்டினார். குட்டை சேறாகிப்போன அன்று கூட்டம் கிளம்பியது. கடைசி ஆளாக, கரடியாரின் தோளில் சாய்ந்து சாய்ந்து, மலையாண்டியும் ஆற்றுக்கு இறங்கிவிட்டார்.

அதன் பிறகு கரடியார், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்காமல் யார் முதுகிலும் கை வைப்பதில்லை. சிலரை அமுக்கினார், சிலரை நடக்கச் சொன்னார். குகை வாசலின் இடது பக்கத்தைச் சுத்தம் செய்து, குணமாகாதவர்கள் இங்கே கல் வைக்க வேண்டும் என்று அறிவித்தார். யாருக்கும் மனசு வரவில்லை. அந்த இடம் காலியாகவே கிடந்தது.

முதல் மழை பெய்ததும் மலையாண்டி வந்தார். வாயில் கவ்வி வந்த கல்லை இடது பக்கம் போட்டார். கரடியாரின் முகம் வாடிவிட்டது. மலையாண்டி ஓடைக்குப் போய் இன்னொரு கல்லைக் கவ்வி வந்து, வலது பக்கக் குவியலின் உச்சியில் வைத்தார்.

"அது நீங்க அமுக்கின நாளுக்கு, அண்ணே. இது நீங்க கேட்க வந்த நாளுக்கு."

நீதி: நன்றி சொல்ல வந்தவர்களை மட்டும் எண்ணினால் நம் திறமை நமக்குத் தெரியாது, வராதவர்களையும் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.