பொட்டுவுக்குத் தெரியாத சொல்

ஏரிக்கரை இலந்தைப் புதரில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் குடியிருந்தது. சரியான சத்தக்காரக் கூட்டம். காலையில் சண்டை, மத்தியானம் சமாதானம், சாயங்காலம் கதை. இந்த ஒழுங்கு மட்டும் ஒரு நாளும் மாறாது.

கதை நேரம் வந்தால் அநேகமாக எல்லாக் குருவிகளும் ஒரே கிளையில் நெருக்கியடித்து உட்காரும். குஞ்சுகளுக்கு நடுவில் இடம். கலகலன் என்ற குருவிதான் பெரும்பாலும் கதை சொல்லும். அவன் பாதிக் கதையில் திடீரென்று நிறுத்துவான்.

"வானத்துலேர்ந்து ஒருத்தன் பாய்ஞ்சு வந்தான். வளைஞ்ச மூக்கு, கூரான நகம். யாரு?"

"வல்லூறு!" என்று குஞ்சுகள் கத்தும்.

"என்ன செய்யணும்?"

"புதருக்குள்ள பதுங்கணும்!"

"காலே இல்லாம ஒருத்தன் வந்தான். நாக்கை நீட்டி நீட்டி வந்தான். யாரு?"

"சாரைப்பாம்பு!"

"என்ன செய்யணும்?"

"புதரை விட்டு மேலே பறக்கணும்!"

ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றதற்குச் செய்தால் உயிர் தப்பாது. இது அங்கே நேற்றுப் பொரித்த குஞ்சுக்கும் தெரியும். பொட்டு என்கிற ஒரே ஒரு குஞ்சுக்குத்தான் தெரியாது.

பொட்டுவின் அம்மா பொன்னலகி. அவள் இட்ட முட்டைகள் எல்லாம் காற்றில் விழுந்து உடைந்துவிட்டன. மிஞ்சியது பொட்டு மட்டும். அதனால் அவனை உயிருக்கு உயிராக வளர்த்தாள். வெயில் மழை பார்க்காமல் சருகைக் கிளறுவாள். கொழுத்த புழு எங்கே கிடைத்தாலும் தான் தின்ன மாட்டாள், அவனுக்குத்தான்.

பேச்சு வந்த புதிதில் பொட்டு ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து, "அம்மா, அது என்ன?" என்று கேட்டான்.

திறந்த வாயில் பொன்னலகி ஒரு புழுவைத் திணித்தாள்.

தண்ணீரில் ஒரு தவளை குதித்தது. "அம்மா, அது என்ன?"

இன்னொரு புழு!

கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் இரை தேடுவது யார்? அதுதான் அவள் கணக்கு. வாய் திறந்தால் பசி, பசித்தால் புழு. கொஞ்ச நாளில் பொட்டு 'என்ன' என்று கேட்பதையே விட்டுவிட்டான். பூவும் அவனுக்கு 'அது'தான், பூனையும் 'அது'தான். மற்றக் குஞ்சுகள் கதையில் கேட்ட சொற்களை வைத்துச் சண்டை போட்டன, பொய் சொன்னன, ஒன்றையொன்று கேலி செய்தன. கதை நேரத்தில் அம்மா அவனை எதுவும் காதில் விழாத கிளைக் கோடிக்குக் கூட்டிப் போய்விடுவாள். பொட்டு கொழுகொழுவென்று ஊமைபோல உட்கார்ந்திருந்தான்.

கலகலனுக்கு மனசு கேட்கவில்லை. "தங்கச்சி, பிள்ளையைச் சாயங்காலம் நம்ம பக்கம் உட்கார வையேன். நாலு கதை கேட்டா நாலு சொல்லு வரும்."

"உங்க பிள்ளைங்க இறக்கையை முதல்ல பாருங்கண்ணே! ஈர்க்குச்சி மாதிரி இருக்கு. கதை வயித்தை நிரப்புமா?"

"வயித்தைப் பத்தி நான் பேசலையே."

"அதுவும் உங்க கதையில தினம் ஒருத்தன் சாகிறான். என் பிள்ளை அதையெல்லாம் கேட்டுத் தூக்கத்துல நடுங்கணுமா? சொல்லெல்லாம் வளந்தா தானா வரும்!"

ஒரு நாள் சாயங்காலம் பொட்டு தானாகவே கிளையில் நகர்ந்து நகர்ந்து கதைப் பக்கம் போனான். கலகலன் ஏதோ சொல்ல, குஞ்சுகள் சிரித்தன. பொட்டுவும் புரியாமல் சிரித்தான். பொன்னலகி பறந்து போய் அவனை இழுத்து வந்தாள். வாயில் ஒரு வெட்டுக்கிளியை வைத்தாள். அவன் அதை விழுங்காமல் அலகிலேயே பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். வயிறு நிறைந்துவிட்டது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாவி, அப்படித்தான் நினைத்தாள்.

பொட்டு வளர்ந்தான். மற்றவர்கள் தரையில் இரை பொறுக்கும்போது ஒரு குருவி உச்சிக்கிளையில் காவல் இருக்க வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். இறக்கை முற்றிய குஞ்சுகளுக்கும் முறை வரும். பொட்டுவின் முறை வந்தது.

"அவன் வேண்டாம்" என்றான் கலகலன். "கண்டதைச் சொல்ல அவனுக்குச் சொல்லு வராது."

பொன்னலகிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் பிள்ளை கண்ணு மாதிரி கூர்மையான கண்ணு இந்தக் கூட்டத்துல யாருக்கு இருக்கு? அவன்தான் இன்னைக்குக் காவல்!"

கண்ணைப் பற்றி அவள் சொன்னது உண்மைதான். அதனால் கலகலனும் விட்டுக்கொடுத்தான். பொட்டு பெருமையாக உச்சிக்கிளையில் போய் உட்கார்ந்தான். மற்றவை எல்லாம் கீழே இறங்கிச் சருகைக் கிளறின.

வெயில் ஏறிய நேரம். புதரின் அடியில் சருகு லேசாக அசைந்தது. நீளமாக ஒன்று சத்தமில்லாமல் உள்ளே வழுக்கிப் போய், தண்டோடு தண்டாகச் சுருண்டு கிடந்தது. யாரும் பார்க்கவில்லை. பொட்டு பார்த்துவிட்டான்!

"அது! அது!" என்று கத்தினான்.

குருவிகள் எல்லாம் தலையைத் தூக்கின. "எதுடா? வல்லூறா? பாம்பா?"

அந்த இரண்டு சொல்லும் அவனுக்குத் தெரியாது. கால் இல்லை, நாக்கு இருக்கிறது, அசைந்தது, இப்போது அசையவில்லை. எல்லாம் கண்ணுக்குள் இருந்தது. வாய்க்கு வந்தது ஒன்றுதான்.

"அது! அது! அது!"

பொன்னலகி பதறிப்போய் வானத்தைப் பார்த்தாள். வெகு உயரத்தில் ஏதோ ஒரு பறவை வட்டமிட்டது. வெறும் பருந்து. ஆனால் பயந்த கண்ணுக்கு அது வல்லூறாகத் தெரிந்தது.

"வல்லூறு! புதருக்குள்ள ஓடுங்க!" என்று அலறினாள்.

கூட்டம் முழுவதும் புதருக்குள் பாய்ந்தது. பொன்னலகியும் பாய்ந்தாள். அப்போதுதான் எடுத்த புழு இன்னும் அவள் அலகில் இருந்தது.

அம்மா அதனிடமே போவதைப் பொட்டு பார்த்தான். அவன் பறந்து தப்பியிருக்கலாம், இறக்கையில் அவ்வளவு பலம் இருந்தது. ஆனால் அவன் கீழே பாய்ந்தான். அவளுக்கு முன்னால் வந்து விழுந்து, இறக்கையை அடித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து, "அம்மா! அது!" என்றான்.

"சத்தம் போடாதேடா! கேட்டுடும்!" என்று சொல்லி, பழகின பழக்கத்தில், அவள் அந்தப் புழுவை அவன் வாயில் திணித்தாள்.

அவன் முதுகுக்குப் பின்னால் சுருள் அவிழ்ந்தது. ஒரே பாய்ச்சல்!

பொட்டு கத்தக்கூட இல்லை. வாயில் புழு இருந்தது.

"சாரை! மேலே பறங்க, மேலே பறங்க!" என்று கலகலனின் சின்ன மகள் கீச்சிட்டாள். அந்த ஒரு சொல்லில் கூட்டம் முழுவதும் புதரை விட்டு வெளியே சிதறி மேலே எழுந்தது. ஈர்க்குச்சி இறக்கைக் குஞ்சுகள் எல்லாம் பிழைத்தன.

பொன்னலகி மட்டும் திரும்பத் திரும்பப் புதரின் மேல் போய் விழுந்தாள். முள் கீறி ரத்தம் வந்தது. சாரை தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு விழுங்குகிற வேலை இருந்தது.

சாயங்காலம் கூட்டம் பக்கத்திலிருந்த வேலமரத்தில் ஒண்டியது. கலகலன் கதை சொல்லவில்லை. குஞ்சுகளும் கேட்கவில்லை. பொன்னலகிதான் பேசினாள்.

"சொல்லுங்கண்ணே. பாம்புக் கதையைச் சொல்லுங்க."

"இன்னைக்கு வேண்டாம் தங்கச்சி."

"சொல்லுங்க!"

கலகலன் தயங்கித் தயங்கித் தொடங்கினான். "காலே இல்லாம ஒருத்தன் வந்தான். நாக்கை நீட்டி நீட்டி வந்தான். யாரு?"

குஞ்சுகள் எல்லாம் பொன்னலகியைப் பார்த்தன.

"சாரைப்பாம்பு" என்றாள் அவள், தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து. "சாரைப்பாம்புடா, கண்ணு."

பிள்ளை 'அது என்ன' என்று கேட்கும்போது தீனியைக் கொடுத்து வாயை அடைக்காமல், பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொல்லிச் சொல்லைக் கொடுக்க வேண்டும். உயிர் போகும் நேரத்தில் அந்தச் சொல்தான் கைகொடுக்கும்.